நிரம்பிய பெட்டியும் முப்பத்தோராம் நாள் மலரும்: ஒரு யாழ்ப்பாண அச்சகத்தின் ஈமெயில் பற்றிய நிகழ்வு ஆய்வு

அந்தியேட்டிக்கு இரண்டு நாள் இருக்கையில், இரவு எட்டரை மணிபோல அச்சக அண்ணையிடமிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, உந்த ஈமெயிலுக்கு என்ன நடந்தது எண்டு ஒருக்கா வந்து பாரும். ரொறன்ரோவிலை இருக்கிற பிள்ளை மூண்டு தரம் அனுப்பினனான் எண்டு அழுகிறா. இஞ்சை ஒண்டும் வரேல்லை."

நான் யாழ்ப்பாண நகரில் கணினி திருத்தும் வேலை செய்பவன். அந்த இரவிலும் அதைத் தொடர்ந்த நான்கு கிழமைகளிலும் கண்டதை இங்கே எழுதுகிறேன். அண்ணையிடமும் அந்தக் குடும்பத்திடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஈமெயில் நிரம்புவது ஒரு சின்னத் தொல்லை என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு தாயின் சாவு வீட்டில் பிள்ளைகளுக்கிடையே மனக்கசப்பை உண்டாக்கும் அளவுக்கு அது போகும் என்று நினைக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை ஒட்டி ஒரு சிறு நூல் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். கல்வெட்டு என்பார்கள், நினைவு மலர் என்பார்கள். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, தேவார திருவாசகங்கள், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதும் அஞ்சலிகள் எல்லாம் அதில் இருக்கும். ஊர்களின் வரலாற்றைத் தேடுபவர்களுக்கு இந்த மலர்கள் பெரிய ஆவணம். 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் தளத்தில் நினைவு மலர்களும் இருக்கின்றன. அச்சகக்காரருக்கோ இது நாள் தவற முடியாத வேலை. கலியாண அட்டை இரண்டு நாள் பிந்தினால் சமாதானம் சொல்லலாம். மலர் முப்பத்தோராம் நாள் காலையில் வீட்டில் இருக்க வேண்டும்.

இப்போது பிள்ளைகள் பெரும்பாலும் வெளிநாட்டில். ஆகவே மலருக்கான எழுத்தும் படங்களும் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் லண்டனிலிருந்தும் மெயிலில்தான் வந்து சேர வேண்டும். அண்ணையின் கடைக்கு 2011 இல் மகன் திறந்து கொடுத்த ஒரு ஜிமெயில் முகவரி. அதுதான் பெயர்ப் பலகையிலும் பில் புத்தகத்திலும் விசிற்றிங் காட்டிலும் இருக்கிறது.

நடந்தது என்ன

அம்மா ஒருவர் காலமாகி இருபதாம் நாளளவில் அந்தக் கணக்கின் 15 ஜிபி நிரம்பியிருக்க வேண்டும். கடையில் இருந்த யாருக்கும் அது தெரியாது. மூத்த மகள் ரொறன்ரோவிலிருந்து இருபத்தோராம் நாள் முதல் மெயிலை அனுப்பினார்: தான் எழுதிய இரண்டு பக்க அஞ்சலியும் ஐந்து படங்களும். இருபத்துநாலாம் நாள் இன்னும் ஐந்து படங்கள். இருபத்தெட்டாம் நாள் கடைசி நாலு. அந்தக் கடைசி மெயிலில்தான் அம்மாவின் இளவயதுப் படம் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இல், போரால் யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது வீட்டில் விட்டுவந்த படங்கள் எல்லாம் போய்விட்டன. மகளோடு முன்னமே வெளிநாடு போயிருந்ததால் அந்த ஒரு படம் மட்டும் தப்பியது.

மூன்றில் ஒன்றும் கடைக்கு வரவில்லை. இங்கிருக்கும் அவருடைய தம்பி கடைக்குப் போய்க் கேட்டார். இன்னும் வரவில்லை என்றார்கள், அது உண்மை. அவர் அக்காவுக்குச் சொன்னார். அனுப்பியாயிற்று என்றார் அக்கா, அதுவும் உண்மை. சாவு வீட்டில் எல்லோரும் களைத்திருக்கும் நேரம். "அம்மாவுக்கு ரெண்டு பக்கம் எழுதக்கூட அவவுக்கு நேரமில்லை" என்ற பேச்சு எழுந்துவிட்டது. இருபத்தெட்டாம் நாள் மாலை, இருப்பதை வைத்து அச்சுக்கு விட்டார்கள். மூத்த மகளின் பக்கத்தில் பெயரும் ஒரு தேவாரமும் மட்டும். அடுத்த நாள் முந்நூறு பிரதியும் பின் அடித்துக் கட்டி முடிந்தது.

அன்றிரவுதான் அக்கா தன் மெயிலின் ஜங்க் பகுதியில் ஒரு அறிவித்தலைக் கண்டு அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆங்கிலத்தில் நீளமான வரிகள். நடுவில் ஒரு எண்: 452, அதன் பக்கத்தில் 4.2.2. பெறுபவரின் பெட்டியில் இடமில்லை என்பதே அதன் பொருள்.

அந்த எண்ணைப் பற்றி

ஈமெயில் சேவையகங்கள் தங்களுக்குள் எண்களில் பதில் சொல்லிக்கொள்ளும். 5 இல் தொடங்கும் பதில் வந்தால் அது முடிந்த முடிவு. மெயில் உடனே திரும்பும். 4 இல் தொடங்கினால் 'இப்போது முடியாது, பிறகு வா' என்று பொருள். அப்போது அனுப்பும் பக்கத்துச் சேவையகம் மெயிலைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். குறைந்தது நாலைந்து நாளாவது முயல வேண்டும் என்று மெயிலுக்கான பொது நியமம் சொல்கிறது. சில சேவைகள் அதற்கு முன்னரே கைவிடுவதும் உண்டு.

அக்காவுக்கு முதல் நாளே 'தாமதம், தொடர்ந்து முயல்கிறோம், நீங்கள் மறுபடி அனுப்ப வேண்டியதில்லை' என்ற மாதிரி ஒரு அறிவித்தல் வந்திருக்கிறது. அவர் அதை நம்பினார். நம்பியதில் என்ன பிழை? நாலைந்து நாள் கழித்து, முடியவில்லை என்று கடைசி அறிவித்தல் வந்தபோது அது ஜங்குக்குள் போய்விட்டது.

இதில் பெரிய வேதனை, பெறுபவரின் பக்கத்தில் ஒரு தடயமும் இல்லாததுதான். வீட்டுக் கதவு பூட்டியிருந்தால் தபால்காரர் ஒரு துண்டாவது செருகிவிட்டுப் போவார். நிரம்பிய மெயில் பெட்டி யார் வந்தார், எத்தனை பேர் திரும்பினார் என்று எதையும் எழுதி வைப்பதில்லை. கடையில் இருப்பவருக்கு அது மெயில் வராத ஒரு அமைதியான கிழமை, அவ்வளவுதான். அதுவும் ஆடி மாதம். கலியாண ஓடர் இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்கான துண்டுப்பிரசுர வேலைக்காரர் நேரிலேயே வருவார்கள். மெயில் குறைந்ததை யாரும் வித்தியாசமாக எடுக்கவில்லை.

எச்சரிக்கை வராமலா இருந்தது? வந்தது. ஜிமெயிலை இணையப் பக்கத்தில் திறந்தால் இடம் முடிகிறது என்று மேலே ஒரு பட்டை தெரியும். கடையில் டிசைன் செய்யும் தம்பியோ தண்டர்பேர்ட் என்ற கணினிச் செயலியில் மெயில் பார்ப்பவர். அதில் அந்தப் பட்டை வராது. அண்ணையின் போனுக்கும் அறிவித்தல் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்ததால் விளம்பரம் என்று எண்ணித் தள்ளிவிட்டிருக்கிறார். நிரம்பிய கணக்கிலிருந்து மெயில் அனுப்பவும் முடியாது. அந்தக் கிழமையில் ஒரு மெயிலாவது அனுப்பியிருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். ஆனால் அந்த நாட்களில் புரூஃப் (அச்சுக்கு முன் பிழை பார்க்க அனுப்பும் மாதிரிப் பிரதி) எல்லாம் உள்ளூர் வேலை, வட்ஸ்அப்பிலேயே போனது.

முதல் அரை மணி நேரம்

கடைக்குப் போய்ச் சேர ஒன்பது மணி. கணக்கின் சேமிப்பிடப் பக்கத்தைத் திறந்தேன். மெயிலில் 7.9 ஜிபி. கூகிள் போட்டோஸில் 3.6. வட்ஸ்அப் காப்புப் பிரதி 3.1. ட்ரைவில் 0.4.

அண்ணை திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்குள்ளை ஏன் வட்ஸ்அப் இருக்கு?"

நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரியாததால்தான் இந்தக் கணக்கு பத்து வருடம் சும்மா இருந்துவிட்டு இரண்டு வருடத்துக்குள் நிரம்பியது. ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 ஆம் திகதி வந்தபோது 1 ஜிபி கொடுத்தது. அப்போது ஹொட்மெயில் கொடுத்தது 2 எம்பி. இனி எதையும் அழிக்கத் தேவையில்லை என்பதே ஜிமெயிலின் பெருமையாக இருந்தது. எங்களுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. 2013 இல் மெயிலுக்கும் ட்ரைவுக்கும் போட்டோவுக்கும் சேர்த்து 15 ஜிபி என்று ஒரே தொட்டியாக்கினார்கள். அப்படியிருந்தும் கொஞ்சம் அளவு குறைத்து ஏற்றிய போட்டோக்கள் கணக்கில் சேரவில்லை. 2021 ஜூன் 1 இலிருந்து அவையும் சேர்ந்தன. அன்ட்ரொயிட் போனின் வட்ஸ்அப் காப்புப் பிரதியும் அதேபோல முன்னர் இலவசம். 2023 இறுதியிலிருந்து படிப்படியாக அதையும் இந்த 15 ஜிபிக்குள் கொண்டுவந்தார்கள். தொட்டி பெரிதாகவில்லை, அதற்குள் விழும் குழாய்கள் மட்டும் கூடிக்கொண்டு வந்தன. கடையின் முகவரியாலேயே அண்ணை தன் போனையும் திறந்து வைத்திருந்ததால் குடும்பப் படங்களும் வட்ஸ்அப் வீடியோக்களும் கடையின் மெயில் பெட்டியைத்தான் தின்றுகொண்டிருந்தன.

அந்த இரவில் என் கவலை ஒன்றுதான்: கதவைத் திறக்க வேண்டும். அக்காவின் மூன்றாவது மெயில் அனுப்பி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அவருடைய சேவையகம் இன்னும் முயன்றுகொண்டிருக்கும். இங்கே கொஞ்சம் இடம் உண்டானால் அது தானாகவே வந்து விழும். யோசித்து ஒவ்வொன்றாக அழிக்க அப்போது நேரமில்லை. திரும்பப் பெறமுடியாத எதையும் அவசரத்தில் தொடவும் கூடாது.

ஆகவே வட்ஸ்அப் காப்புப் பிரதியில் கை வைத்தேன். அது போனில் இருப்பதன் நகல். மூலம் அண்ணையின் கையிலேயே இருந்தது. முதலில் போனிலுள்ள வட்ஸ்அப் கோப்புறையைக் கேபிள் போட்டுக் கணினிக்கு எடுத்தோம். அப்புறம் ட்ரைவின் காப்புப் பிரதிகள் பகுதியில் இருந்த பழையதை அழித்தோம். வட்ஸ்அப் அமைப்பில் 'வீடியோக்களையும் சேர்' என்பதை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒரு பிரதி எடுத்தோம். 3.1 ஜிபி இருந்த இடத்தில் 0.4 மட்டும் வந்தது. மெயிலில் ஸ்பாமையும் குப்பைப் பகுதியையும் பார்த்துவிட்டு வெறுமையாக்கினோம். அந்த இரண்டும் முப்பது நாளில் தாமாக அழியும், ஆனால் அதுவரை இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். இதைப் பலர் அறியார். நூறு மெயிலை அழித்துவிட்டு, நிரம்பிய அளவு குறையவே இல்லையே என்பார்கள். அழித்த பிறகும் கணக்குச் சரியாகத் தெரியச் சில மணி நேரம், சிலவேளை ஒரு நாள்கூடப் பிடிக்கும்.

பதினொரு மணிக்கு என் மெயிலிலிருந்து ஒன்று அனுப்பிப் பார்த்தேன். வந்தது. சரி, இனி இரவு முழுக்கக் கதவு திறந்திருக்கும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலை ஆறரைக்கு அண்ணை எடுத்தார். இரவுக்குள் பதினொரு மெயில் வந்திருந்தன. அதில் ஒன்று ரொறன்ரோவிலிருந்து, இருபத்தெட்டாம் நாள் அனுப்பியது. அம்மாவின் இளவயதுப் படம் அதில் இருந்தது. முதல் இரண்டு மெயிலும் போனது போனதுதான். அனுப்பும் பக்கம் ஏற்கெனவே கைவிட்டிருந்தது. அஞ்சலியை அக்கா மறுபடி அனுப்பினார். இந்த முறை வட்ஸ்அப்பிலும் அனுப்பினார். ஆனால் படமாக இல்லாமல், ஆவணமாக. இது அச்சகக்காரர் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய விசயம். வட்ஸ்அப்பில் படமாகவே அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும், போனில் அழகாகத் தெரியும், அச்சில் உடையும். ஆவணம் என்று தெரிவு செய்து அனுப்பினால் இருந்தபடியே வரும்.

அஞ்சலி யூனிகோட்டில் இருந்தது. டிசைன் தம்பி அதைக் கடையில் பாவிக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றி, மாற்றும்போது குழம்பிய எழுத்துகளைத் திருத்தி, பத்து மணிக்குள் ஒரு தாளின் இரு பக்கமாக அமைத்துவிட்டார். பிளேட் (அச்சுத் தகடு) போட நேரமில்லை. லேசர் பிறிண்டரில் முந்நூறு தாள் அடித்தார்கள். கட்டி முடிந்த மலர்களைத் திரும்ப விரித்து, தேவாரம் மட்டும் இருந்த பக்கத்துக்கு எதிரே அந்தத் தாளை ஓரத்தில் பசை வைத்து ஒட்டினார்கள். கடையில் நாலு பேர், குடும்பத்திலிருந்து தம்பியும் அவருடைய இரண்டு பிள்ளைகளும். நானும் ஐம்பது பிரதி ஒட்டினேன். அந்தத் தம்பி ஒரு பிரதியை எடுத்து அக்காவின் பக்கத்தை நின்றபடியே வாசித்தார். பிறகு வெளியில் போய் வெகு நேரம் போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

அழிப்பதும் அழிக்க மனமில்லாததும்

அந்தியேட்டி முடிந்து இரண்டு நாள் கழித்து உண்மையான வேலையைத் தொடங்கினோம். 7.9 ஜிபி மெயில் எங்கிருந்து வந்தது?

புரூஃபிலிருந்து. ஒரு மலரின் பிடிஎப் 8 எம்பி என்று வையுங்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப, ஒருவர் ஒரு எழுத்துப் பிழை சொல்வார், அடுத்தவர் படத்தை மாற்றச் சொல்வார், மருமகளின் பெயர் விடுபட்டிருக்கும். ஐந்து தரம் அனுப்பினால் 40 எம்பி. அது முழுவதும் அனுப்பியவை என்ற பகுதியில் தங்கும். இப்படி இருபத்தைந்து வேலை செய்தால் 1 ஜிபி. வந்த மெயிலைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அனுப்பிய மெயிலும் அதே தொட்டியில்தான் என்பது மறந்துபோகிறது. அண்ணையின் கணக்கில் பாதிக்கு மேல் அனுப்பிய புரூஃப்கள். அவற்றில் கடைசித் திருத்தம் தவிர மற்றவை இனி யாருக்கும் வேண்டியதில்லை.

பெரியவற்றைப் பிடிப்பது சுலபம். ஜிமெயிலின் தேடல் பெட்டியின் வலது ஓரத்திலுள்ள குறியை அழுத்தினால் அளவு என்ற இடம் வரும். அதில் 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்தால் கொழுத்த மெயில்கள் மட்டும் வரிசையாக வரும். திகதியையும் கொடுத்துப் பழையதிலிருந்து தொடங்கலாம். ஆயிரம் சின்ன மெயிலை அழித்துக் கிடைப்பதைவிட இப்படிப் பத்து மெயிலில் கிடைப்பது கூட. ஆர்க்கைவ் (Archive) என்ற பொத்தான் இடத்தை மிச்சப்படுத்தாது. அது மெயிலை இன்பொக்ஸிலிருந்து மறைக்கும், அவ்வளவே.

நான் இந்தப் பட்டியலைக் காட்டி, அழிப்போமா என்று கேட்டேன். அண்ணை கையை மவுஸில் வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"தம்பி, அப்பான்ரை காலத்து மலர் ஒண்டுகூட என்னட்டை இல்லை. அச்செழுத்து, பழைய ரசீதுப் புத்தகம், அடிச்ச எல்லாத்திலும் ஒரு பிரதி எடுத்து வைச்ச அலுமாரி, ஒண்டும் இல்லை. தொண்ணூத்தஞ்சிலை இடம்பெயர்ந்து கொடிகாமத்துக்குச் சைக்கிளிலை போய், திரும்பி வரேக்கை சுவர்தான் இருந்தது. உதுக்குள்ளை இருக்கிறது எல்லாம் ஊர்ச் சனத்தின்ரை முகம். அழி எண்டு சொல்லாதையும்."

சேமிப்பிடம் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் 'தேவையற்றதை நீக்குங்கள்' என்று தொடங்கும். இந்த ஊரில் அந்த வசனம் அப்படிச் செல்லாது. ஒருதரம் எல்லாவற்றையும் இழந்தவரிடம் எது தேவையற்றது என்று கேட்பதற்கு முன், இழக்க மாட்டீர்கள் என்று காட்ட வேண்டும். எனக்கு அன்று அது விளங்கியது. அழிப்பதைத் தள்ளி வைத்து, முதலில் நகல் எடுப்போம் என்று முடிவு செய்தோம்.

கூகிள் டேக்அவுட் என்ற வசதியால் கணக்கிலுள்ள மெயில் முழுவதையும் கோப்பாக இறக்கலாம். அது எம்பொக்ஸ் என்ற வகைக் கோப்பாக வரும். தண்டர்பேர்டில் திறந்து வாசிக்கலாம், தேடலாம், கூகிள் கணக்கே இல்லாவிட்டாலும் திறக்கும். கோரிக்கை கொடுத்துச் சில மணி நேரத்தில் தயாரானது. இறக்கும் லிங்க் ஏறக்குறைய ஒரு கிழமைதான் உயிரோடிருக்கும், ஆகவே அன்றிரவே இறக்கினோம். ஒரு டெராபைற் வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினார் அண்ணை. ஒன்று கடையில், மற்றது கோண்டாவிலில் மகளின் வீட்டில். ஒரே அலுமாரியில் இரண்டையும் வைத்தால் அது ஒரு நகல்தான். இறக்கியதோடு விடவில்லை, தண்டர்பேர்டில் திறந்து, 2014 இல் அடித்த ஒரு மலரைத் தேடி, அதன் பிடிஎப் திறக்கிறதா என்று பார்த்தோம். திறந்தது. அண்ணை அதை இரண்டாம் தரமும் திறக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவரே அழிக்கத் தொடங்கினார். தினமும் மாலை கடை பூட்டுமுன் அரை மணி. நான்கு கிழமையில் மெயில் 7.9 இலிருந்து 2.2 ஜிபிக்கு வந்தது. முடிந்த மலர்களின் கடைசிப் பிரதியை ஆண்டு வாரியாகத் தனிக் கோப்புறையில் எடுத்து வைத்தார். அது இப்போது அவருடைய புதிய அலுமாரி. குடும்பங்களின் சம்மதத்தோடு பழையவற்றை நூலகத்துக்குக் கொடுக்கும் எண்ணமும் இருக்கிறது.

போட்டோஸில் மட்டும் கவனமாக இருந்தோம். இங்கேதான் நிறையப் பேர் கண்ணீர் விடுகிறார்கள். போனும் போட்டோஸும் ஒத்திசைந்திருக்கும்போது, போட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால் போனிலும் அழியும். இணையத்தில் மட்டும் அழிக்கிறோம் என்று நினைத்துப் பேரப்பிள்ளையின் படங்களை இழந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அறுபது நாளுக்குள் வந்தால் குப்பைப் பகுதியிலிருந்து மீட்கலாம். அண்ணையின் படங்களை நாங்கள் அழிக்கவில்லை. கணினிக்கு இறக்கி, போனுக்குத் தனியாக ஒரு புதிய கணக்குத் திறந்து, படமும் வட்ஸ்அப்பும் இனி அங்கே போகும்படி மாற்றிவிட்டுத்தான் கடைக் கணக்கிலிருந்ததை எடுத்தோம். கடையின் கணக்கு கடைக்கு மட்டும். என்னைக் கேட்டால், இந்த முழுக் கதையிலும் செய்த ஒரே பெரிய திருத்தம் இதுதான்.

காசு கொடுத்து 100 ஜிபி வாங்கியிருக்கலாமே என்று மகன் லண்டனிலிருந்து கேட்டார். வாங்குவது பிழையில்லை, தொழிலுக்கு வாங்கலாம். ஆனால் அட்டையில் பணம் கழிபடாமல் ஒரு மாதம் நின்றால் கணக்கு பழைய 15 ஜிபிக்குத் திரும்பும். உள்ளே 60 ஜிபி இருந்தால் அன்றே மெயில் நிற்கும். அளவு மீறியபடியே இரண்டு வருடம் விட்டால் உள்ளே இருப்பதை அழிக்கவும் கூகிளுக்கு விதி இடம் கொடுக்கிறது. எது எங்கே நிரம்புகிறது என்று தெரிந்த பிறகு வாங்கினால் நல்லது. தெரியாமல் வாங்கினால் இதே இரவு பிந்தி வரும்.

கடையில் மாறியவை

புரூஃபை இப்போது ட்ரைவில் போட்டு லிங்க் அனுப்புகிறார்கள். திருத்தம் வந்தால் அதே கோப்பின் மேல் புதிய பதிப்பை ஏற்றுவார்கள். ஐந்து திருத்தத்துக்கு ஐந்து மெயில் இல்லை. வேலை முடிந்ததும் கடைசிப் பிரதியை ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு ட்ரைவில் அழிப்பார்கள். வாடிக்கையாளரிடமும் பெரிய படங்களை லிங்காகவே கேட்கிறார்கள். லிங்காக வரும் கோப்பு அனுப்பியவரின் இடத்தில்தான் கணக்காகும். ஆனால் அவர் அழித்துவிட்டால் இங்கேயும் இருக்காது, ஆகவே வந்த அன்றே இறக்கிவிட வேண்டும்.

மெயிலோடு இணைத்தே அனுப்ப விரும்புபவர்களுக்கு ஒரு அளவு சொல்லிக் கொடுத்தேன். ஜிமெயிலில் அனுப்பும் எல்லை 25 எம்பி என்றாலும் 18 எம்பிக்குள் நிறுத்தச் சொன்னேன். மெயிலில் போகும்போது கோப்பு எழுத்துகளாக மாற்றப்படுகிறது; மூன்று பங்கு நாலு பங்காகும். 20 எம்பி படம் மெயிலில் 27 ஆகிவிடும். 'அளவு சரியாகத்தானே இருந்தது, ஏன் போகவில்லை' என்ற கேள்விக்கு இதுவே விடை.

ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி டிசைன் தம்பி இணையப் பக்கத்தில் மெயிலைத் திறந்து, எத்தனை ஜிபி என்பதைப் பில் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதுகிறார். நான் கடைசியாகப் போனபோது 5.1 என்று இருந்தது. பத்தைத் தாண்டினால் எனக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. மலர் வேலை எடுக்கும்போது, படங்கள் கிடைத்தன என்று கடையிலிருந்து பதில் வராவிட்டால் அழையுங்கள் என்று இப்போது வாயால் சொல்கிறார்கள், ரசீதிலும் எழுதுகிறார்கள்.

மிச்சமாக ஒன்று இருந்தது. பெட்டி மூடியிருந்த ஒன்பது நாளில் வேறு யார் யார் எழுதினார்கள்? பட்டியல் எங்கேயும் இல்லை என்று நான் சொன்னதும் அண்ணை பில் புத்தகத்தை எடுத்தார். வேலை நடந்துகொண்டிருந்தவர்கள், போன மாதம் விலை கேட்டவர்கள், வருடா வருடம் கலண்டர் அடிப்பவர்கள் என்று பார்த்து, ஒவ்வொருவராகத் தானே அழைத்தார். மூன்று நாள் எடுத்தது. ஆறு பேர் அந்த நாட்களில் மெயில் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார்கள். காரைநகரில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், மனைவியின் ஆட்டைத் திவசத்துக்கு (ஆண்டு நினைவுக் கிரியைக்கு) ஒரு சிறு மலர் அடிக்க விலை கேட்டு எழுதிவிட்டு, பதில் வராததால் அடிக்கும் எண்ணத்தையே விட்டிருந்தார். சின்ன வேலை என்றபடியால் அண்ணை எடுக்கவில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். திவசத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அண்ணை படங்களை மெயிலில் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை பஸ் எடுத்து நேரே காரைநகருக்குப் போனார்.